மூன்று எண்கள் எழுதலாம், எழுதினோமா?

2024 செப்டம்பர் 21 அன்று நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 38 பேர் போட்டியிட்டார்கள். அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதமும் சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதமும் கிடைத்தன. எவரும் பாதியைத் தாண்டாததால் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றிலேயே முதல் தடவையாக, சீட்டில் 2, 3 என்று குறிக்கப்பட்ட விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது.

முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் விலக்கப்பட்டார்கள். அவர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் 2,73,131 மட்டுமே அநுரவுக்கோ சஜித்துக்கோ சேர்ந்தன. நூறு சீட்டுக்கு எட்டுதான். மற்ற 30 இலட்சம் சீட்டுகளில் அந்த இருவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் எண்ணிக்கையில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசமோ ஏறத்தாழ 12.7 இலட்சம்தான். பேசாதிருந்த சீட்டுகள் அதைவிட இரு மடங்குக்கும் அதிகம்.

வாக்காளரிடம் எவ்வளவு கேட்கலாம்? 38 பேரையும் வரிசைப்படுத்தச் சொன்னால், சாத்தியமான வரிசைகளின் எண்ணிக்கை 45 இலக்கங்கள் நீளும். அவுஸ்திரேலியாவில் 2013 செனட் தேர்தலின்போது நியூ சவுத் வேல்ஸ் சீட்டில் 110 பெயர்கள் இருந்தன. கட்சிப் பட்டியலை விட்டு ஆட்களைத் தனித்தனியாகத் தெரிவுசெய்ய விரும்பியவர் ஏறக்குறைய எல்லாருக்கும் எண் இட வேண்டியிருந்தது. பிழையும் சலிப்பும் மிகுந்த வேலை அது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது 12 பேருக்கு எண் இடுங்கள் என்றார்கள்.

இலங்கைச் சட்டம் கேட்பது அதிகம் போனால் மூன்று எண்கள். 38 பேரில் மூவரை வரிசையாகத் தெரிவுசெய்ய 50,616 வழிகள் உண்டு. ஆனால் கடைசியில் அதிகாரிகள் சீட்டில் தேடுவது ஒன்றே ஒன்று: மிஞ்சிய இருவரில் இந்த வாக்காளருக்கு யார் மேல்? மிஞ்சப்போவது யார் என்று முன்கூட்டித் தெரியாததால்தான் இரண்டாம், மூன்றாம் இடங்கள் தேவைப்படுகின்றன. அவ்விருவரில் ஒருவரும் உங்கள் மூவரில் இல்லையென்றால் சீட்டு அத்தோடு முடிந்தது.

இரண்டாவதாக இன்னொருவரைக் குறித்தால் முதல் வாக்கு நீர்த்துப்போகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது தவறு. நீங்கள் 1 இட்டவர் விலக்கப்பட்ட பிறகே 2 பார்க்கப்படுகிறது. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்கு வாக்களித்த 2,26,343 பேரும் 2, 3 இட்டிருந்தாலும் அவர் பெற்ற வாக்கில் ஒன்றுகூடக் குறைந்திராது.

அடுத்த தேர்தலில் 1 இட்டதோடு சீட்டை மடித்துவிடாதீர்கள். முன்னணியில் இருப்பவர்களில் யார் வந்தால் பொறுத்துக்கொள்வீர்களோ, அவர் பெயருக்கு எதிரே 2 அல்லது 3 இடுங்கள்.