வெயிலில் கெட்டு, மழையில் படுக்கும் பேட்டரி

ஐப்பசி பிறந்து நாலு நாள் அடைமழை பிடித்தால், தாம்பரத்தை ஒட்டிய சேலையூரிலும் முடிச்சூரிலும் மெக்கானிக்குகளின் போன் ஓயாது. "செல்ஃப் எடுக்கலை, கடக் கடக்னு சத்தம் மட்டும் வருது" என்பார்கள். பழி மழைமேல் விழும். ஆனால், அந்த பேட்டரி பெரும்பாலும் சித்திரை, வைகாசியிலேயே கெட்டிருக்கும்.

பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே 1859இல் உருவாக்கிய ஈய-அமில முறைதான் இன்றும் கார்களில் இருக்கிறது. ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12.6. மின்சாரம் வெளியேறும்போது ஈயத் தகடுகளில் சல்பேட் படியும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் அதைக் கரைத்துவிடும். பேட்டரி நாள்கணக்கில் அரைகுறை சார்ஜில் கிடந்தால் அந்த சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு கரையாது. வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை ஓட்டி, நிறுத்திவிட்டு ரயிலேறுபவர்களின் காருக்கு நேர்வது இதுதான்.

அதைவிடப் பெரிய எதிரி வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. மீனம்பாக்கத்தில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஊரும் காரின் பானெட்டுக்குள் சூடு இன்னும் அதிகம். உள்ளே நீர் வற்றும். நேர்மின் தகடு அரிபடும். வெளியே எதுவும் தெரியாது. மழைக்காலத்தில் ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பேட்டரி எங்கே இருக்கிறது? பெரும்பாலான கார்களில் பானெட்டைத் திறந்ததும் எஞ்சின் பக்கத்திலேயே தெரியும். சிவப்பு மூடி போட்டது பாசிட்டிவ். சில கார்களில் டிக்கியின் அடியில் இருக்கும். 2007 முதல் சிங்கப்பெருமாள் கோவில் அருகே மகேந்திரா சிட்டியில் அசெம்பிள் செய்யப்படும் பிஎம்டபிள்யூ கார்களில் பல மாடல்கள் அப்படித்தான். எஞ்சின் சூட்டிலிருந்து விலகியிருப்பது அதனால் கிடைக்கும் லாபம். தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது நஷ்டம்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கவில்லை. வெள்ள எச்சரிக்கை வந்தால் காரை மேட்டில் நிறுத்துவதே முதல் வேலை. முடியாவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், நெகட்டிவை முதலில். காரின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. தண்ணீரில் நின்ற காரில் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் எஞ்சினே உடையும்.

பராமரிப்பு எளிது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, வாஸ்லின் தடவலாம். மூடி திறக்கும் பேட்டரியில் கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 காட்டினால் சார்ஜ் முழுமை, 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி.

ஆனால், வோல்ட் மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கெட்ட பேட்டரியும் சும்மா நிற்கையில் 12.6 காட்டலாம், பளு ஏற்றினால்தான் சரியும். அதனால் மூன்று வயதைத் தாண்டிய பேட்டரிக்குப் புரட்டாசியிலேயே கடையில் லோடு டெஸ்ட் செய்துவிடுங்கள். மாற்ற நேர்ந்தால் பழையதைக் கடையிலேயே கொடுங்கள். அதிலுள்ள ஈயம் மறுசுழற்சிக்குப் போக வேண்டும். மண்ணில் கலந்தால் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.