சிலுவை நடுவில் அகஸ்டஸ்

அப்பாவின் பட்டறைக்குப் பழைய நகையை அழித்துச் செய்ய யாராவது வந்தால், அவர் முதலில் கல்லைத்தான் கழற்றுவார். "பொன்னை எப்ப வேணாலும் உருக்கிக்கலாம். கல்லு உடைஞ்சா உடைஞ்சதுதான், கண்ணு" என்பார். ஜெர்மனியில் ஆஹன் பேராலயக் கருவூலத்தில், லோத்தார் சிலுவையின் முன்னால் நின்றபோது அப்பா பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

அரை மீட்டர் உயரம். உள்ளே ஓக் மரம், மேலே பொன் தகடு, இடைவெளியெல்லாம் கம்பி வேலை, நூறு கற்களுக்கு மேல். கி.பி. 1000 வாக்கில் செய்தது. நடுவில் இயேசு இல்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் இருக்கிறார். தலையில் வாகை மாலை, கையில் கழுகுச் செங்கோல். பழுப்பும் வெள்ளையும் அடுக்கடுக்காக அமைந்த ஒரே கல்லில், வெள்ளை அடுக்கில் முகம் வரும்படி செதுக்கியிருக்கிறார்கள். சிலுவைக்கு இந்தக் கல் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. கீழ்ப்பகுதியில் ஒரு படிக முத்திரை, 9-ஆம் நூற்றாண்டு மன்னர் லோத்தாருடையது. சிலுவைக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

கிறிஸ்தவரல்லாத ஓர் அரசர் அங்கே எப்படி? சிலுவையைச் செய்வித்தவர் மூன்றாம் ஓட்டோ என்று கருதுகிறார்கள். பதினாறு வயதுக்குள் பேரரசராக முடிசூடியவர். ரோமப் பேரரசைப் புதுப்பிப்பதாகத் தன் முத்திரையிலேயே பொறித்துக்கொண்டவர். அகஸ்டஸ் ஆட்சியில்தான் இயேசு பிறந்தார் என்கிறது நற்செய்தி. ஓட்டோவுக்கு அந்த முகம் அந்நியமாகப் பட்டிருக்காது, தாத்தா படம்போல இருந்திருக்கும்.

ரோமானியப் பழம்பொருளை எடுத்துத் தன் வேலையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஊருக்கே இருந்திருக்கிறது. மன்னர் சார்லமேன் இங்கே தேவாலயம் கட்டியபோது தூண்களை ரோமிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் தருவித்தார். அவரை அடக்கம் செய்ததாகச் சொல்லும் பளிங்குப் பேழையில் ரோமானியரின் தேவி புரோசர்பினா கடத்தப்படும் காட்சி இருக்கிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது பெயர் தெரியாத அந்தப் பொற்கொல்லரின் கைதான். அகஸ்டஸை அவர் தேய்க்கவில்லை, தலைக்கு மேல் ஒளிவட்டம் கீறிப் புனிதராக மாற்றவும் இல்லை. வந்த கல்லை வந்தபடியே வைத்து, அதைச் சுற்றிச் சிலுவையை அமைத்திருக்கிறார்.

சுற்றிப் பின்பக்கம் போனேன். அங்கே கல்லே இல்லை. வெறும் தகட்டில், மெல்லிய கோடுகளால், தலை சாய்ந்து தொங்கும் இயேசு.