ஜாகுவார் எக்ஸ்ஜே13

ஜாகுவார் எக்ஸ்ஜே13 என்பது பிரான்சின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்திற்காக இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் உருவாக்கிய பந்தயக் கார் ஆகும். இவ்வகையில் ஒரே ஒரு கார்தான் செய்யப்பட்டது. அதுவும் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை.

அமைப்பு

ஓட்டுநருக்குப் பின்னால் 5 லிட்டர் கொள்ளளவும் 12 சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் திறன் சுமார் 500 குதிரைத்திறன். காரின் உடலை வடிவமைத்தவர் மால்கம் சேயர். இவர் விமானத் துறையில் பணியாற்றியவர்.

கைநழுவிய வாய்ப்பு

1950களில் லே மானில் ஜாகுவார் கார்கள் ஐந்து முறை வென்றிருந்தன. அந்தப் பெருமையை மீட்கவே 1966இல் இக்கார் தயாரானது. ஆனால் அதே ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் 7 லிட்டர் எஞ்சினுடன் அங்கு வென்றது. 1967இல் நடந்த சோதனையில் டேவிட் ஹாப்ஸ் சுற்றுக்குச் சராசரியாக மணிக்கு 161 மைல் (சுமார் 259 கி.மீ.) வேகத்தில் இதை ஓட்டினார். வேகத்தில் குறையில்லை, காலம்தான் கடந்துவிட்டது. 1968இல் வந்த விதிப்படி முன்மாதிரிக் கார்களின் எஞ்சின் 3 லிட்டரைத் தாண்டக் கூடாது. 5 லிட்டர் பிரிவில் சேர வேண்டுமானால் குறைந்தது 50 கார்கள் தயாரித்திருக்க வேண்டும். இரு வழிகளும் அடைபட்டன.

விபத்தும் மறுவாழ்வும்

ஜாகுவாரின் 12 சிலிண்டர் எஞ்சின் 1971இல் இ-டைப் காரில் விற்பனைக்கு வந்தது. அதற்கான விளம்பரப் படப்பிடிப்பின்போது, மிரா சோதனைத் தடத்தில் எக்ஸ்ஜே13 கவிழ்ந்து நொறுங்கியது. ஓட்டிய நார்மன் டூயிஸ் உயிர் தப்பினார். 1973இல் கார் மீண்டும் உருப்பெற்றது. இன்று கேடன் கிராமத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. பந்தயத்தைக் காணாத கார் இது. ஆனால் அதற்காகத் தொடங்கிய எஞ்சின் முயற்சி சாலைக் கார்களில் பலன் தந்தது.