இரண்டு அப்பாக்கள், ஒரு ஜோடி பூட்ஸ்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாஸவ் சகோதரர்கள்’ நாவலைப் படிக்கச் சொன்னால் நண்பர்களிடமிருந்து வரும் முதல் புகார், “பேருங்க வாயில நுழைய மாட்டேங்குது சார்!” நியாயம்தான். திமித்ரி என்பவன்தான் மீத்யா, அலெக்ஸிதான் அல்யோஷா. நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பெயர்களை எழுதி, புத்தகத்துக்குள் செருகிக்கொண்டுதான் படித்தேன். கொஞ்சம் பொறுத்தால் சீட்டு தேவைப்படாது. அண்ணன் தம்பிகள் மூவரில் ஒருவனை இன்னொருவன் என்று குழப்பிக்கொள்ளவே முடியாது.

மூத்தவன் மீத்யா. மிலிட்டரியில் இருந்தவன். கையில் காசு தங்காது, கோபம் வந்தால் கண் தெரியாது. அடுத்தவன் இவான், படிப்பாளி. குழந்தைகள் படும் சித்திரவதைக்குப் பதில் சொல்லாத சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்று, ரிசர்வேஷன் கவுண்டரில் டிக்கெட்டை கான்சல் பண்ணுகிற மாதிரி கடவுளிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பவன். கடைக்குட்டி அல்யோஷாவுக்கு 20 வயசு, மடத்தில் இருக்கிறான். ஊரே அவனிடம் வந்து புலம்பும். (எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் உண்டு. டீச் செலவும் அவர் தலையில்தான் விழும்.)

இந்த மூவரையும் பெற்ற ஃபியோதர் பாவ்லோவிச் ஒரு கோமாளி. பணம், குடி, பெண். மூணு வயசு மீத்யாவை வேலைக்காரர் கிரிகோரிதான் தன் குடிசைக்குத் தூக்கிப்போய் வளர்த்தார். அப்பா கொடுமைப்படுத்தினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பிள்ளை ஒன்று இருப்பதே ஐயாவுக்கு மறந்துபோச்சு! பிற்பாடு அப்பாவுக்கும் மூத்த பிள்ளைக்கும் ஒரே பெண் மேல் ஆசை. ஒரு ராத்திரி கிழவர் கொலையாகிறார். யார் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை பெரிய நாவலில், அந்த மனுஷருக்காக மகன்கள் வாய்விட்டு அழுகிற காட்சி ஒன்றுகூட இல்லை.

அதே ஊரில் இன்னொரு கோமாளி அப்பா இருக்கிறார். வேலை போன கேப்டன் ஸ்னெகிர்யோவ். பரம ஏழை, குடிகாரர், பேச்செல்லாம் கோணங்கித்தனம். ஒருநாள் மீத்யா அவர் தாடியைப் பிடித்துத் தெருவில் தரதரவென்று இழுத்துப் போகிறான். ஸ்கூல் விட்டு வந்த மகன் இல்யூஷா அதைப் பார்த்துவிடுகிறான். அப்பாவை விட்டுடுங்க என்று கெஞ்சி, அடித்தவன் கையிலேயே முத்தம் கொடுக்கிறான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

அவமானத்துக்கு ஈடாக அல்யோஷா 200 ரூபிள் கொண்டுவருகிறான். கேப்டன் வாங்கிப் பூரித்துப்போகிறார். வைத்தியம், புது ஊர் என்று கனவு காண்கிறார். திடீரென்று நோட்டுகளைக் கசக்கித் தரையில் போட்டு மிதிக்கிறார். காசை வாங்கிவிட்டால் பையன் முகத்தில் எப்படி முழிப்பது? (பின்னால் வாங்கிக்கொள்கிறார். வீட்டில் நோயாளிகள் இருக்கிறார்களே.)

இல்யூஷா நோயில் செத்துப்போகிறான். குருவிகள் வரட்டும், தனியாகப் படுத்திருக்கிற மாதிரி இருக்காது, குழியின் மேல் ரொட்டித் துண்டைத் தூவுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தான். அவர் ஞாபகமாகத் தூவுகிறார். வீடு திரும்பியதும் மூலையில் மகனுடைய பழைய பூட்ஸ் கண்ணில் படுகிறது. ஒட்டுப்போட்ட பூட்ஸ். அதைக் கட்டிக்கொண்டு அவர் அழுகிற அழுகை இருக்கிறதே... கோர்ட் சீன், தத்துவ விவாதம் எல்லாம் எனக்கு அதற்கப்புறம்தான்.

இதை எழுதியவருக்கு அந்த அழுகை தெரியும். 1878 மே மாதம் அவருடைய கடைசிப் பிள்ளை வலிப்பு வந்து இறந்தது. மூணு வயசு நிறையவில்லை. வலிப்பு அப்பாவிடமும் இருந்த வியாதி. மனுஷர் இடிந்துபோனார். அடுத்த மாதம் ஆப்தினா மடத்துக்குப் போய் அம்ப்ரோஸ் என்ற துறவியைப் பார்த்தார். திரும்பி வந்து எழுதியதுதான் இந்த நாவல். 1879 ஜனவரியில் பத்திரிகைத் தொடராக ஆரம்பித்து 1880இல் முடிந்தது. 1881 தொடக்கத்தில் அவரும் போய்விட்டார்.

நாவலின் ஆரம்பத்திலேயே ஒரு குடியானவப் பெண் வருகிறாள். மூணு வயசுக்கு மூணே மாதம் குறைவான பிள்ளையைப் பறிகொடுத்தவள். அதன் சட்டையையும் குட்டி பூட்ஸையும் எடுத்து எடுத்துப் பார்த்து அழுபவள். அழுகையை நிறுத்தாதே, அழு என்கிறார் துறவி. பிள்ளை பெயரைக் கேட்கிறார்.

அலெக்ஸி என்கிறாள். தஸ்தயேவ்ஸ்கியின் பிள்ளைக்கும் அதுதான் பெயர். வீட்டில் கூப்பிட்டது அல்யோஷா.