வேலையும் மனமும் – 14: வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

தியாகதுருகம் மலையடிவாரத்து டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். டீ வருவதற்குள் மறுபடியும் எடுத்தார். நகை அடகுச் சீட்டு. "ஆலையோட கட்டிங் ஆர்டருக்குக் காத்துக் கெடக்கேன் தம்பி. பதினோரு மாசத்துல வெட்ட வேண்டிய கரும்பு, பதிமூணாவது மாசமா நிக்குது" என்றார். கிணற்று மோட்டார் பழுதாம். மெக்கானிக்குக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக நினைக்கிறாராம். "எதுலயும் மனசு ஓட மாட்டேங்குது."

போன வாரம் டக்ளஸ் மக்ரெகரைப் பார்த்தோம். விரட்டினால்தான் ஆள் வேலை செய்வான் என்று நம்பும் முதலாளிகளைப் பற்றி 1960-லேயே எழுதியவர். அந்த நம்பிக்கை நம் ஊரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தப் பெரியவரைப் பார்த்தாலும், "அக்கறை இல்லாத மனுஷன்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதைக் காட்டும் ஆய்வு இந்தப் பக்கத்துக் கரும்புக் காடுகளிலேயே நடந்தது.

தியாகதுருகம் இருக்கும் கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது. அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்தது. அந்த நாளில் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்து, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பெரிய தொகை கைக்கு வருவது வெட்டு முடிந்த பிறகுதான். ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே சமயத்தில் அரைக்க முடியாது என்பதால் வெட்டு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நீளும். இவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்து வயல்காரர் இன்னும் காத்திருப்பார். அதனால் இருவருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வெயில் மீதோ பண்டிகை மீதோ பழி போட முடியாது. வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 பேர்.

ஒரே ஆளுக்கு முன்னும் பின்னும் சோதனை. '5 5 5' என்று காட்டுவார்கள். இலக்கத்தைச் சொல்லக் கூடாது, எத்தனை தடவை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். விடை மூன்று. நாக்கு 'அஞ்சு' என்று முந்திக்கொள்ளும், அதை அடக்க வேண்டும். காசில்லாத நாளில் அதே மனிதருக்கு அதிக நேரம் பிடித்தது, தவறும் கூடியது. உருவப் புதிர்களில் சராசரியாக 4.35 சரியான விடைகள் வந்த இடத்தில், வெட்டுக்குப் பின் 5.45 வந்தது. இரண்டாம் தடவை என்பதால் பழகிவிட்டதோ என்று பார்க்க, சிலரை வெட்டுக்குப் பின் முதல்முறையாகவும் சோதித்தார்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் அமெரிக்கர்களைச் சோதித்து 2016-இல் வந்த ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட வேறுபாடு தென்படவில்லை. ஆனால் சம்பளக்காரரின் கடைசி வாரமும், ஒரு வருஷம் காத்திருக்கும் விவசாயியின் கடைசி மாதமும் ஒன்றாகாது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் காசை அள்ளிக் கொடுத்தால் போதுமா? டான் ஏரியலி என்ற ஆய்வாளரின் குழுவினர் மதுரைப் பக்கத்தில் 87 பேருக்கு ஆறு விளையாட்டுகள் வைத்தார்கள். மரச் சட்டத்துக்குள் ஒன்பது உலோகத் துண்டுகளை அடுக்குவது அதில் ஒன்று. நன்றாக ஆடினால் ஆட்டத்துக்கு 4 ரூபாய் சிலருக்கு, 40 சிலருக்கு, 400 சிலருக்கு. 2009-இல் வெளியான முடிவின்படி, மோசமாக ஆடியவர்கள் 400 ரூபாய்க்காரர்கள். காசுக் கவலையைப் போலவே பெரிய தொகையும் மனத்தை வேலையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தொகையை விட நாள். கரும்பு ஒப்படைத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "பதினாலு நாளா?" என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு சீட்டை எடுத்து, நகையை மீட்க வேண்டிய தேதியை என்னிடம் காட்டினார்.