சுவர் உலரும் காலம்

2015 டிசம்பர் முதல் நாள் காலை தொடங்கி இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மேற்கேயுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றில் இறங்க, கரையோரத்து முடிச்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டினுள் இடுப்பளவு நீர் புகுந்து இரண்டு நாள் தங்கிற்று. மூன்றாம் நாள் வடிந்தது. வந்த உறவினரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து சேற்றை வாரிக் கொட்டினோம், தரையைக் கழுவினோம், கதவு சன்னல்களை நன்றாகச் சாத்திப் பூட்டிக்கொண்டு, மின்சாரம் வரட்டும் என்று மயிலாப்பூரில் இருந்த தமையனார் வீட்டிற்குப் போய்விட்டோம். வெள்ளம் வாசல் வழியே வந்ததையும் போனதையும் பார்த்தவர்கள் நாங்கள். அதில் ஒரு பகுதி போகாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது என்பதை அப்போது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது முதலில் எதிர்கொண்டது நாற்றம். சேற்று நாற்றம் அன்று. மழைக்காலத்தில் மூலையில் போட்டு மறந்த கோணிச்சாக்கை உதறும்போது எழுமே, அந்தப் புழுங்கல் வாடை. அலமாரியின் முதுகுப்பலகை முழுதும் பச்சையும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. தோற்பையின் மேல் வெண்மையான பஞ்சு படர்ந்திருந்தது. நீர் எட்டாத உயரத்தில், பரணில் கிடந்த பழைய பஞ்சாங்கக் கட்டும் பூசணம் பிடித்திருந்தது. நனையாத பொருளும் ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடை கண்டால், பூசணத்தின் இயல்பு முழுதும் விளங்கிவிடும்.

பூசணம் செடியன்று, விலங்குமன்று. காளானுக்கு உறவான தனி இனம். நூலினும் மெல்லிய இழைகளை விரித்து, தான் பற்றிய பொருளைக் கரைத்து உறிஞ்சி வாழ்வது. அதன் வித்துக்கள் கண்ணுக்குப் புலனாகாத தூளாகக் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. உங்கள் வீட்டிலும் இக்கணம் உள்ளன. எவ்வளவு துடைத்தாலும் அறவே நீக்க இயலாது. ஆயினும் எல்லா வீடும் பூசணம் பிடித்துக் கிடக்கவில்லை. ஏன்? வித்து முளைக்க அதற்கு நீர் வேண்டும். இந்த உண்மையை நம் வீட்டுப் பெண்டிர் நெடுங்காலமாக அறிவர். உப்பிட்ட மாங்காய் ஊறுகாய் ஆண்டு முழுதும் கெடாதிருக்கிறது. அதில் நீர் இல்லாமலில்லை. உப்பு அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பூசணத்திற்குக் கொடாமல் மறுக்கிறது. ஈரக்கரண்டி ஒருமுறை பட்டதும், மேற்பரப்பில் ஓரிடத்தில் உப்பு நீர்த்துப் போய், அங்கே வெள்ளை பூக்கிறது. அரை ஈரத்தில் டப்பாவில் அடைத்த வற்றலின் கதியும் அதுவே.

பூட்டிய என் வீடு அத்தகைய டப்பாவாக இருந்தது. சுவர்களிலிருந்தும் மரச்சாமான்களிலிருந்தும் எழுந்த ஆவி வெளியேற வழியின்றி அறைக்குள் செறிந்தது. காற்று அவ்வாறு ஈரத்தால் நிறைந்துவிட்டால், காகிதமும் தோலும் துணியும் அந்த ஈரத்தைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். பரணில் இருந்த பஞ்சாங்கத்தின்மேல் வெள்ளம் படவில்லை. வெள்ளத்தின் ஆவி பட்டது. நனைந்த பொருளை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் உலர்த்திவிட்டால் பூசணம் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை என்பது இத்துறை அறிந்தோர் கூறும் கணக்கு. நாங்கள் பன்னிரண்டு நாள் கொடுத்தோம்.

இனிச் சுவரைப் பார்ப்போம். செங்கல்லும் காரையும் திண்மையான பொருள்களாகத் தோன்றினும், உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. அகல்விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப்போல், அத்துளைகள் நீரை மேலே இழுக்கின்றன. இதனால்தான் வெள்ளம் நின்ற கோட்டிற்குச் சாண் இரண்டு சாண் மேலேயும் ஓதம் ஏறிக் காண்கிறது. இழுத்த நீரைச் சுவர் எளிதில் விடுவதில்லை. ஓர் அங்குலக் கனம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்று கட்டட வல்லுநர்கள் தோராயமாகக் கணக்கிடுவர். இரு பக்கமும் காற்றுப் படும் ஒன்பது அங்குலச் சுவர் என்றால் நான்கைந்து மாதம். மேலே தொட்டால் காய்ந்தாற்போல் இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும்.

சுவரில் வெள்ளையாகக் காண்பதெல்லாம் பூசணமன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உலரும் சுவர், உள்ளிருக்கும் உப்பை வெளியே தள்ளும். அதுவும் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். விரலை நனைத்து அதன்மேல் தேய்த்துப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. உலர்ந்தபின் தூரிகையால் தட்டிவிட்டால் போதும். கரையாமல் பிசுபிசுத்து, வாடையும் அடித்தால் பூசணம்.

என் இரண்டாவது தவறு பொங்கலையொட்டி நேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் போகிக்கு வீட்டை ஒழித்து, வெள்ளையடித்து, காற்றாட விடும் நம் வழக்கம், மழைக்கால ஈரத்தைக் கழிப்பதற்கு ஏற்ற காலத்தில்தான் அமைந்திருக்கிறது. ஆனால் வெள்ளம் வந்த ஆண்டின் சுவர், மழையில் மட்டும் நனைந்த ஆண்டின் சுவர் போன்றதன்று. வந்து பார்த்த முதிய கொத்தனார், “ஐயா, சுவர் இன்னும் தண்ணீரைக் கக்கவில்லை. இப்போது பூசினால் அதன் வாயைக் கட்டினாற்போல ஆகும். சித்திரை வரட்டும்” என்றார். பண்டிகைக்கு வருவோர் கண்ணில் கறை படக்கூடாது என்பது என் கவலை. கறுத்த இடங்களைத் துணியால் துடைத்து, பளபளக்கும் பிளாஸ்டிக் வர்ணத்தைப் பூசச் செய்தேன். பொங்கலன்று வீடு புதிதுபோல் இருந்தது. மாசி பிறந்ததும் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழுந்து, உரிந்த இடமெல்லாம் கறுப்பு முன்னைக்கு இருமடங்காயிற்று. வர்ணத் தோலுக்கும் காரைக்கும் இடையே ஈரத்தையும் பூசணத்தையும் சேர்த்து அடைத்து வைத்திருந்தேன்.

சுவர் கெட்டது பெரிதன்று. அம்மாவுக்கு இரைப்பு உண்டு. மழைக்காலத்தில் வரும், தையில் போய்விடும். அவ்வாண்டு போகவில்லை. அவர் படுத்திருந்த கட்டில் அந்தச் சுவரோரம் கிடந்தது. இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறுவார்; கூடத்தில் வந்து படுத்தால் சற்றுத் தணியும். மருத்துவர், மருந்தெழுதும் முன் கேட்ட முதற்கேள்வி, “வீட்டில் ஈரச்சுவர் இருக்கிறதா?” என்பது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இரைப்பும் மூச்சு நோய்களும் மிகுதி என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் எடுத்துரைத்திருக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: செத்த பூசணமும் மூச்சை உறுத்தும். ஆகையால் அதைக் கொல்வது போதாது, அகற்ற வேண்டும். அகற்றினாலும் ஈரம் இருந்தால் மீண்டும் வரும்.

நான் செய்திருக்க வேண்டியதை இப்போது அறிவேன். நீர் வடிந்த வீட்டிற்குள் நுழையுமுன் மின்சாரத்தின் தலைமை விசையை நிறுத்தியாயிற்றா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சேற்றை அன்றே அகற்ற வேண்டும். காரையைப் பூசணம் தின்னாது, ஆனால் அதன்மேல் படிந்த சேற்றின் மக்கைத் தின்னும். அலமாரி, பீரோ, கட்டில் எல்லாவற்றையும் சுவரைவிட்டு நடு அறைக்கு இழுத்து, செங்கல்மேல் ஏற்றி வைக்க வேண்டும். பூசணம் முதலில் பிடிப்பது காற்றுப் புகாத அந்த முதுகுப்புறங்களில்தான்.

எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்பதுதான் மனத்தை வருத்தும் பகுதி. சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் எவ்வளவு வெயிலில் போட்டாலும் உள்ளே உலரா, எறியத்தான் வேண்டும். எங்கள் வீட்டு மெத்தை அம்மாவின் கலியாணத்துச் சீர். ஒரு வாரம் மொட்டை மாடியில் கிடந்து, பிறகுதான் குப்பை வண்டி ஏறிற்று. ஊதிப்போன ஒட்டுப்பலகையும் மரத்தூள் பலகையும் அப்படியே. நனைந்த அரிசி பருப்பில் இரக்கம் காட்டலாகாது. தேக்குக் கட்டில், இரும்பு பீரோ, பித்தளை, எவர்சில்வர் ஆகியவை கழுவினால் பிழைக்கும். மரத்தை மட்டும் கடும் வெயிலில் வைக்காமல் நிழற்காற்றில் உலர்த்துங்கள், வெயிலில் கோணிக்கொள்ளும். துணிகளைச் சுடுநீரில் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் போடலாம்.

நனைந்த பத்திரங்களும் சான்றிதழ்களும் தனிக்கவலை. ஒட்டிக்கொண்ட ஏடுகளை அவசரப்பட்டுப் பிரித்தால் கிழியும்; அப்படியே விட்டால் பூசணம் பிடிக்கும். உடனே உலர்த்த இயலாதபோது, பிளாஸ்டிக் பையிலிட்டு, மின்சாரம் உள்ள வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபனி அறையில் வைத்துவிடலாம். உறைந்த நிலையில் பூசணம் வளராது. பிறகு ஓய்வாகச் சிறிது சிறிதாக எடுத்து, இளகவிட்டு, மின்விசிறிக் காற்றில் உலர்த்திக்கொள்ளலாம். புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், உலரவிடாமல், தூய நீரில் மிதக்கவிட்டு மெல்லப் பிரித்து, படமுள்ள முகம் மேலே இருக்கப் பரப்ப வேண்டும்.

பூசணம் வந்தேவிட்டால்? மூன்றடிக்கு மூன்றடி அளவு வரையில் வீட்டாரே துப்புரவு செய்யலாம். அதற்கு மேற்பட்டால் பழகிய ஆட்களை அழைப்பது நன்று. இரைப்புள்ளவரும் குழந்தைகளும் அவ்வேளையில் வீட்டில் இருக்கலாகாது. செய்பவர் மூக்கையும் வாயையும் என்-95 முகக்கவசத்தால் மூடி, கையுறை அணிய வேண்டும். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துக்கள் வீடெங்கும் பறக்கும். முதலில் நனைத்துவிட்டு, சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்து வழித்தெடுக்க வேண்டும். ஓடு, கண்ணாடி, இரும்பு போன்ற வழவழப்பான பரப்புகளில், அதற்குப்பின் பிளீச்சிங் பவுடர் நீரைப் பூசலாம்: 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் கலந்து, தெளியவிட்டு, மேல்நீரை எடுத்துக்கொள்வது. சன்னல்கள் திறந்திருக்கட்டும். குளியலறை கழுவும் ஆசிட்டை அதனோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எழுவது குளோரின். 1915-ல் போர்க்களத்தில் நச்சுப்புகையாக ஏவப்பட்ட அதே வாயு. காரையில் ஆழ ஊடுருவிய பூசணத்தைப் பிளீச்சிங் பவுடரும் எட்டாது. அங்கே உளிதான் மருந்து.

எங்கள் வீட்டில் உளிதான் பேசிற்று. அதே கொத்தனாரை அழைத்தேன். முன்பு சொன்னதை அவர் நினைவூட்டவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. நீர் ஏறிய கோட்டிற்கு ஒரு முழம் மேல் வரையில் பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லைத் திறந்து விட்டார். சாக்கில் கட்டி வெளியேற்றிய பின்னரே மின்விசிறியை ஓடவிட்டோம். பூசணம் இருக்கும்போது விசிறியைச் சுழற்றினால் அதுவே வித்தை விதைக்கும். ஒரு சன்னலில் விசிறியை வெளிநோக்கி வைத்து, எதிர்ச்சன்னலைத் திறந்துவிட்டால், ஈரக்காற்று வெளியேறிப் புதுக்காற்று உள்ளே வரும். மார்கழியில் சென்னைக் காற்றே 70, 80 விழுக்காடு ஈரம் சுமப்பது. ஆதலின் அம்மாதத்தில் இதன் பயன் மெதுவாகவே தெரியும். மழை தூறும்போது சன்னலை மூடி, வெறித்ததும் திறப்பதே முறை.

உலர்ந்ததா என்பதை எப்படி அறிவது? கையளவுக் கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டிவிடுங்கள். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம் கக்குகிறது என்று பொருள். மாசியில் ஒட்டினேன், துளி. பங்குனியிலும் துளி. விருந்தினர் வந்து எலும்பு தெரியும் சுவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டனர். சித்திரைக் கடைசியில்தான் தாள் தெளிவாக இருந்தது. அதன்பின் பூச்சு வேலை முடித்து, வர்ணம் வேண்டாமென்று சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் முளைப்பதில்லை. சுவர் ஆவி விடுவதையும் அது தடுப்பதில்லை. நாளடைவில் காற்றுப் பட்டு அந்தக் காரம் குறைந்துவிடும். அதனாலேயே ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மீண்டும் முழங்காலளவு நீர் புகுந்தது. இம்முறை வடிந்த அன்றே சன்னல்களைத் திறந்தோம், வீட்டைப் பூட்டவில்லை, நானும் தம்பியும் மாறி மாறி அங்கேயே தங்கினோம். அம்மாவைத் தமையனார் வீட்டில் விட்டுவிட்டு, தாளில் துளி நின்ற பிறகே, வைகாசியில், அழைத்து வந்தோம். பீரோ இப்போதும் சுவரைவிட்டு நாலு விரற்கடை தள்ளிச் செங்கல்மேல் நிற்கிறது. பெருக்க வரும் பெண் அதை ஒழுங்கு செய்வதாக எண்ணிச் சுவரோடு தள்ளிவிடுவாள். அம்மா கட்டிலில் இருந்தபடியே, “அதை அங்கேயே விடம்மா” என்பார்.