கறுப்பு வெள்ளைப் படமும் கழுவும் நேரமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். தாத்தா பாட்டியின் திருமணப் படம், அத்தையின் புதுநன்மைப் படம், அம்மா படித்த வகுப்பின் குழுப்படம் எனப் பலவும் இருக்கும். சில படங்களில் ஆடையின் மடிப்பும் முகத்தின் சிரிப்பும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். வேறு சிலவற்றிலோ வெள்ளை ஆடை சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெறுமையாக இருக்கும். அதற்கு மேலே முகம் கரியாக இருக்கும். கண் எது, மூக்கு எது என்று சொல்ல முடியாது. "கறுப்பு முகம் போட்டோவில் விழாது" என்று பெரியவர்கள் சொல்வதும், படம் எடுக்கும் நாளில் பவுடரை அப்பிக்கொண்டு வரச் சொல்வதும் இதனால்தான்.

இது உண்மையா? இல்லை என்பதே அறிவியல் தரும் விடை. எந்த நிற முகமும் படத்தில் நன்றாக விழும். அதற்கு இரண்டு கணக்குகள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, காமிராவில் விடும் ஒளியின் கணக்கு. மற்றொன்று, பிலிமைக் கழுவும் நேரத்தின் கணக்கு. இரண்டாவதைப் பற்றிப் பலரும் அறியார். ஆகவே அதனை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பிலிமில் நடப்பது என்ன?

பிலிமின் மேல் ஜெலட்டின் என்னும் பசை போன்ற பொருள் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். அதனுள் வெள்ளி புரோமைடு என்னும் உப்பின் நுண்ணிய மணிகள் கோடிக்கணக்கில் பரவியிருக்கும். ஒளி பட்ட மணிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் உண்டாகிறது. டெவலப்பர் என்னும் கரைசலில் பிலிமை இட்டதும், ஒளி பட்ட மணிகள் கறுப்பு நிற வெள்ளியாக மாறத் தொடங்குகின்றன. பிறகு ஹைப்போ என்னும் கரைசல், மாறாமல் எஞ்சிய உப்பைக் கரைத்து நீக்கிவிடுகிறது. இதுவே நெகட்டிவ். வெண்மையான பொருள் அதில் கறுப்பாகவும், கருமையான பொருள் கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்கும். ஹைப்போவின் இந்தக் கரைக்கும் குணத்தை 1819-இல் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர். நெகட்டிவ், பாசிட்டிவ் என்னும் சொற்களைப் புகைப்படக் கலைக்குத் தந்தவரும் அவரே.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். நிழலான இடத்துக்குரிய பகுதியில் சில மணிகளே ஒளி பெற்றிருக்கும். டெவலப்பர் அவற்றை விரைவில் மாற்றி முடித்துவிடும். அதன்பின் அங்கே செய்வதற்கு அதிக வேலை இல்லை. வெளிச்சமான இடத்திலோ ஏராளமான மணிகள் காத்திருக்கும். நேரம் ஆக ஆக அங்கே கருமை ஏறிக்கொண்டே போகும். ஆகவே பிலிமை நீண்ட நேரம் கழுவினால் நிழற்பகுதி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, வெளிச்சப்பகுதி மட்டும் மேலே மேலே போகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெருகுகிறது. இந்த வேறுபாட்டையே காண்ட்ராஸ்ட் என்கிறோம். நேரத்தைக் குறைத்தால் காண்ட்ராஸ்ட் குறையும், கூட்டினால் கூடும்.

இதை முதன்முதலில் அளந்து காட்டியவர்கள் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்டு என்னும் இருவர். இங்கிலாந்தில் இரசாயனத் தொழிலில் பணிபுரிந்த இவர்கள், 1890-இல் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பிலிமில் பட்ட ஒளியையும் அதனால் உண்டான கருமையையும் வரைபடத்தாளில் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கிறது. கழுவும் நேரம் கூடக் கூட அந்தக் கோடு செங்குத்தாக நிமிர்கிறது. கணக்குப் பாடத்தில் சாய்வு என்று நாம் படிப்பதுதான் இங்கே காண்ட்ராஸ்ட்!

ஒரு சிறு சோதனை

எங்கள் அறிவியல் மன்றத்தில் இதைச் செய்து பார்த்தோம். நண்பகல் வெயிலில் ஒரு மாணவியை வெண்சீருடையில் நிறுத்தி, ஒரே அளவு ஒளியில் பல படங்கள் எடுத்தோம். ஆய்வகத்தை ஒட்டிய சிறு அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, முழு இருட்டில் பிலிமை மூன்று துண்டாக வெட்டினோம். சிவப்பு விளக்கு கூட ஆகாது. இக்காலப் பிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியையும் உணரக்கூடியவை.

நாங்கள் பயன்படுத்தியது இல்ஃபோர்டு நிறுவனத்தின் எச்.பி.5 பிளஸ் பிலிம், ஐ.டி.11 டெவலப்பர். 20 டிகிரி சென்டிகிரேடில், நீர் கலக்காத கரைசலில் இதற்கு விதித்த நேரம் 7½ நிமிடம். முதல் துண்டை 6 நிமிடமும், இரண்டாவதை 7½ நிமிடமும், மூன்றாவதை 10½ நிமிடமும் கழுவினோம். மூன்றாம் துண்டில் சீருடை இருந்த இடம் அடர்ந்த கறுப்பாகிவிட்டது. பிரிண்டில் காலரும் இல்லை, பொத்தானும் இல்லை. முதல் துண்டில் பொத்தான்களை எண்ண முடிந்தது. ஆனால் சடையும் சடையின் நிழலும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நேரத்தால் மாறியது வெளிச்சப்பகுதிதான் என்பதைக் கண்ணாலேயே கண்டோம்.

முகம் தெரிய வழி

வெயிலில் வெள்ளை ஆடை காமிராவின் ஒளிமானியை ஏமாற்றிவிடும். வெளிச்சம் மிகுதி என்று அது கருதுவதால், படம் எடுப்பவர் ஒளியைக் குறைத்துவிடுகிறார். மாநிறமான முகத்துக்குப் போதிய ஒளி கிடைப்பதில்லை. கிடைக்காத ஒளியைக் கழுவும்போது கொடுக்க முடியாது. விதைக்காத வயலுக்கு எத்தனை மடை தண்ணீர் பாய்ச்சினாலும் பயிர் முளைக்குமா? ஆகவே முதலில் முகத்தின் நிழற்பக்கத்தை அருகே சென்று அளந்து, அதற்கு வேண்டிய ஒளியைத் தாராளமாக விட வேண்டும்.

அப்படி விட்டால் வெள்ளை ஆடை மிதமிஞ்சிப் போகுமே என்று கேட்கலாம். அங்கேதான் நேரம் உதவுகிறது. விதித்த நேரத்தில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு குறைத்துக் கழுவினால் ஆடை அடங்கும், முகம் தங்கும். "நிழலுக்கு ஒளி விடு, வெளிச்சத்துக்குக் கழுவு" என்பதே இதன் சாரம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை மண்டல முறை என்னும் ஒழுங்கான முறையாக வகுத்தார்.

அதற்காக நேரத்தை அளவின்றிக் குறைக்கவும் கூடாது. முகம் சாம்பல் பூசினாற்போல உயிரற்றுப் போகும். 5 நிமிடத்துக்குக் குறைவாகக் கழுவினால் பிலிம் முழுதும் சீராகக் கழுவப்படாமல் திட்டுத்திட்டாக வரவும் கூடும்.

நம் ஊரில் இரு காட்சிகள்

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் பழங்கால ஓவியங்கள் உள்ளன. அனுமதி பெற்று அவற்றைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓவியம் மட்டும் சட்டத்துக்குள் வந்தால், மங்கிய வண்ணங்களுக்கு இடையே வேறுபாடு மிகக் குறைவு. வழக்கமான நேரம் கழுவினால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். இங்கே நேரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். அதே மண்டபத்தில் நின்று, வாசலுக்கு வெளியே காயும் வெயிலும் உள்ளே நிற்கும் தூண்களும் ஒன்றாக விழும்படி எடுத்தால் கணக்குத் தலைகீழாகிவிடும். தூணுக்கு ஒளி விட்டு, நேரத்தைக் குறைக்க வேண்டும். இடம் ஒன்றே; காட்சி வேறு, கணக்கும் வேறு.

ஆனால் ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள் இருந்தாலும், கழுவும் நேரம் அனைத்துக்கும் ஒன்றே. ஆகவே வெயில் படங்களையும் மழைநாள் படங்களையும் ஒரே சுருளில் கலக்காமல் இருப்பது நல்லது. சிறு வேறுபாடுகளைப் பிரிண்ட் போடும் காகிதத்தின் மென்மை, கடுமை ஆகிய தரங்களால் சரிசெய்துகொள்ளலாம்.

வெயிலும் மண்பானையும்

நேரத்தைக் குறிக்கும்போது வெப்பநிலையையும் சேர்த்தே குறிக்க வேண்டும். புத்தகங்கள் கூறும் 20 டிகிரி நம் தருமபுரி மாவட்டத்துச் சித்திரை மாதத்தில் எங்கே கிடைக்கும்? குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். சூடு ஏறினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும். ஒவ்வொரு டிகிரிக்கும் நேரத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைக்க வேண்டியிருக்கும். மிகுந்த சூட்டில் ஜெலட்டின் உப்பிக் கெடும் அபாயமும் உண்டு.

இதற்கு எளிய வழி உண்டு. மண்பானைத் தண்ணீரைப் பெரிய பேசினில் ஊற்றி, வேண்டுமானால் ஐஸ் கட்டிகளும் இட்டு, டெவலப்பர் உள்ள பாத்திரத்தை அதில் வைத்துக் குளிரச் செய்யலாம். ஐஸை டெவலப்பருக்குள்ளேயே போடக் கூடாது; கரைசல் நீர்த்துப்போய்க் கணக்குக் கெடும். ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருப்பது நன்று.

களி கிண்டுவோருக்குத் தெரியும், கை நின்றால் அடி பிடிக்கும் என்று. பிலிமுக்கும் அதுவே. முதலிலும், பின்பு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும், 10 விநாடிக்குள் நான்கு முறை டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அதிகம் அசைத்தாலும் காண்ட்ராஸ்ட் ஏறும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைப்பது அவசியம்.

முடிவுரை

நம் நாட்டிலேயே, உதகமண்டலத்தில், ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967 முதல் இந்து என்னும் பெயரில் பிலிமும் காகிதமும் தயாரித்து வந்தது. அது இன்று மூடப்பட்டுவிட்டது. கைபேசியில் நொடியில் படம் எடுக்கும் காலம் இது. எனினும் ஒளியின் அளவும் காண்ட்ராஸ்டும் மாறவில்லை. கைபேசிக்குள் ஒரு கருவி நமக்காக அக்கணக்கைப் போடுகிறது, அவ்வளவே.

ஆகவே அன்புத் தோழியரே, குழுப்படத்தில் முகம் தெரியவில்லை என்றால் நம் நிறத்தை நொந்துகொள்ள வேண்டாம். பவுடர் டப்பாவையும் தேட வேண்டாம். வெயில் உச்சியில் ஏறும் முன், புளியமரத்தின் சீரான நிழலில் எல்லோரையும் நிறுத்தி, முகத்தை அளந்து படம் எடுக்கச் சொல்வோம். அடுத்த ஆண்டு மலரில் அருட்சகோதரிகளின் வெண்ணுடை மடிப்பும், கடைசி வரிசையில் நிற்பவளின் சிரிப்பும் ஒன்றாகத் தெரியட்டும்.